நான்கு மீட்டருக்கு ஒரு படிவம்

சிட்னியிலிருந்து ஆறு மணி நேரத் தொலைவில் உள்ள எங்கள் வரிங்கா கவுன்சில், மக்கள் நலனை முன்னிட்டு, ஆற்றுப் பாலத்தில் வெள்ள அபாயச் சங்கு ஒன்றை நிறுவியது. அதை இயக்குவது கையகல லினக்ஸ் கணினிப் பெட்டி. பராமரிப்பது அடியேன். சங்கில் ஒரே ஒரு குறை. தண்ணீர் ஏழு மீட்டர் ஏறினால்தான் ஊதும். எங்கள் ஆறோ நான்கிலேயே கரை தாண்டிவிடும்.

"என் மாட்டுக்கு ஏழு மீட்டர் கழுத்து இல்லப்பா," என்றாள் நோயலின். ஆற்றோரம் நூற்றுப்பத்து கறவை மாடு வைத்திருப்பவள். "நாலுன்னு மாத்திவிடேன். ஒரு நம்பர்தானே?"

ஒரு நம்பர்தான். ஆனால் மின்சாரம் போனாலும் பெட்டி கெடக்கூடாதென்று, செய்தவன் உள்ளே இருப்பதையெல்லாம் படிக்க மட்டும் என்று பூட்டி அனுப்பியிருந்தான். செட்டிங்ஸ் இருக்கும் இடத்தின் மேல் மெல்லிசாக ஓர் அடுக்கைப் போட்டு, எழுதுவதெல்லாம் ஒரு மெமரி கார்டில் போய்ச் சேரும்படி செய்தால் தீர்ந்தது. மூலத்தில் கீறல் விழாது. ஐந்து நிமிட வேலை என்று நோயலினிடமும் சொன்னேன்.

கவுன்சில் மேலாளர் டெஸ்மண்ட், லாமிங்டன் கேக்கைக் கடித்தபடி கேட்டார்: "எழுத விட்டா கண்டவனும் எழுதுவானே?"

"நான் மட்டும்தான் எழுதுவேன்."

"அய்யய்யோ, அது இன்னும் மோசம். அப்புறம் யாரு பொறுப்புன்னு தெரிஞ்சுடும்ல?"

பணிக்குழு அமைக்கப்பட்டது. மூன்று மாத ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் தீர்மானம் வந்தது: எழுதலாம், எழுதியது நிலைக்கக் கூடாது. அதாவது, அணைத்தால் அழிந்துபோகும் நினைவகத்தில்தான் அடுக்கு இருக்கும். பாதுகாப்பு கருதி, திங்கட்கிழமைதோறும் காலை ஒன்பதுக்குப் பெட்டியை அணைத்து உடனே இயக்க வேண்டும்; எண் பழையபடி ஏழாகிவிடும். மறுபடி நான்கு என்று எழுதப் புதுப் படிவம். அது கையெழுத்தாகி வர வெள்ளி ஆகிவிடும்.

"அப்ப வெள்ளிலேர்ந்து திங்கள் வரைக்கும்தான் நாலு மீட்டரா?" என்றேன்.

"வார இறுதியிலயாவது ஜனங்க நிம்மதியா இருக்கட்டுமே," என்றார் டெஸ்மண்ட், நெஞ்சுருக.

நோயலின் சண்டைக்கு வந்தாள். கவுன்சில் மனமிரங்கி, எழுதியதை நிலைக்க விடலாமா என்று புதன்கிழமை காலை கருத்துக்கேட்பு வைத்தது. பாதிக்கப்படுபவர் நேரில் வந்தே தீர வேண்டுமாம். மாடுகளை ஆற்றோரம் மேயவிட்டு வந்து உட்கார்ந்தாள். வெளியே நல்ல வெயில். முந்தின நாள் மலையில் கொட்டித் தீர்த்த மழை நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் யாரும் அதைப் பேசவில்லை.

பதினோரு மணிக்கு, தண்ணீர் ஏழு மீட்டரைத் தொட்டதும், சங்கு கணீரென்று ஊதியது.

"பாத்தீங்களா, என்னமா வேலை செய்யுது!" என்று டெஸ்மண்ட் கைதட்டினார். நோயலின் எழுந்து ஓடினாள். அதற்குள் பத்தொன்பது மாடு ஆற்றோடு போய்விட்டது.

அடுத்த வாரம் ஊர்க்கூட்டம். பெட்டி விதிகளின்படி பிழையின்றி இயங்கியதாக டெஸ்மண்ட் அறிக்கை வாசித்தார். நோயலின் அவரைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு நிமிஷ வேலைன்னு சொன்னியே. பாஸ்வேர்டு உன்கிட்டதானே இருந்துச்சு?"

"ஆமா."

"யாராவது உன் கையைப் பிடிச்சுத் தடுத்தாங்களா?"

"இல்ல நோயலின். ஆனா... படிவம் வரலையே."

சொல்லிவிட்டு வெட்கத்தில் குன்றிப்போனேன். இப்போது ஊரே என்னைக் கிழிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். முன்வரிசையில் தபால் நிலையக்காரி தலையாட்டினாள். பிறகு பள்ளித் தலைமையாசிரியர். பிறகு வங்கிக்காரர்.

"படிவம் இல்லாம அவன்தான் என்ன பண்ணுவான், பாவம்," என்றார்கள்.

யாரோ எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் வாங்கிக் குடித்தேன்.