ஒரு தக்காளிச் செடியின் அப்பழுக்கற்ற ஆரோக்கியம்

மனித குலம் இதுநாள் வரை தக்காளியைத் தின்றிருக்கிறதே தவிர, அதை முறையாக நிர்வகித்ததில்லை. இந்த வரலாற்றுக் களங்கத்தைத் துடைக்கவென்றே, விக்டோரியா மாநிலத்தின் ஒரு சிற்றூரில், நகராட்சிப் பூங்காத் துறையில் ஆயுள் முழுக்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற லாய்ட், தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பொறுப்பேற்றார்.

நவம்பரில் குதிரைப் பந்தய விடுமுறையன்று ஊரே தக்காளி நடும். நட்டுவிட்டுப் பொறுப்பில்லாமல் டிவி முன்னால் போய் உட்காரும். லாய்ட் அப்படிப்பட்டவரா என்ன? மஞ்சள் பாதுகாப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, கன்றைச் சுற்றி, சாலை வேலைக்கு வைக்கும் ஆரஞ்சுக் கூம்புகளை நிறுத்தி, 'தொடக்க உரை'யும் ஆற்றினார். கேட்டவள் அவர் மனைவி கிளெனிஸ் ஒருத்திதான்.

கிளெனிஸுக்கு வேண்டியது ஒரே ஒரு தக்காளி. புத்தாண்டு விருந்துக்கு வருஷம் தவறாமல் வரும் நாத்தனார் பெரில், தன் தோட்டத்துத் தக்காளியைக் கூடை நிறையச் சுமந்துவந்து, "பாவம், உங்க வீட்ல கடைத் தக்காளிதானே" என்பாள். அந்த வாயை இந்த வருஷம் அடைத்தாக வேண்டும்.

செடி கோழி எருவை வாரித் தின்று கூரையைத் தொட்டது. இலையில் புள்ளி கிடையாது, புழு கிடையாது. லாய்ட் தினமும் காலையில் அதனுடன் 'ஆய்வுக் கூட்டம்' நடத்தினார். ஆனால் பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது.

"லாய்ட், பூ கொட்டுதே."

"ஆள்குறைப்பு. எல்லாத் துறையிலயும் நடக்கறதுதான்."

"காம்பை லேசா அதிர வச்சா காய் பிடிக்குமாம். மின்சாரப் பல் பிரஷ்ஷே போதும்கறாங்க."

"பரிசீலிக்கலாம்."

"எப்போ?"

"பரிசீலிக்கறதா வேண்டாமான்னு முதல்ல பரிசீலிக்கணும், கிளெனிஸ்."

அன்று மத்தியானம் அவர் குறட்டை விட்ட நேரத்தில், கிளெனிஸ் முக்காலி மேல் ஏறி, அவருடைய பிரஷ்ஷாலேயே பரிசீலனையை முடித்துவைத்தாள். மறுநாள் பல் தேய்த்துவிட்டு வந்த லாய்ட், "பற்பசையில ஏதோ மூலிகை சேத்திருக்கான், நல்லா இருக்கு" என்று பாராட்டினார்.

ஒரு பூ பிடித்தது. குண்டுமணி அளவிருந்த காய் கோலிக்குண்டானது. கிளெனிஸ் அதை இலை மறைவில் ஒளித்துவைத்து, துணி உலர்த்தும் சாக்கில் தினமும் போய்ப் பார்த்து வந்தாள். பெரிலின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

விருந்துக்கு முந்தின வாரம் லாய்ட் கையுறையோடு அடுக்களைக்குள் வந்தார்.

"செடியில ஒரு கட்டி கிளம்பியிருந்தது. பச்சையா, உருண்டையா. கிளையையே வளைச்சிடுச்சு."

"அதை என்ன பண்ணினே?"

"வெட்டிக் கோழிக்குப் போட்டுட்டேன். இப்ப செடி நல்ல தெம்பா இருக்கு. கவலைப்படாதே."

கிளெனிஸ் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. செடி பிழைத்த ஆனந்தக் கண்ணீர் என்று லாய்ட் எடுத்துக்கொண்டார்.

புத்தாண்டன்று பெரில் கூடையோடு வந்தாள். லாய்ட் அவளைச் செடியடிக்கு அழைத்துப் போனார்.

"இப்படி ஒரு ஆரோக்கியமான செடியைப் பாத்திருக்கியா, பெரில்? நோய் இல்லே, நொடி இல்லே, இதுவரைக்கும் ஒரு புகார் இல்லே."

பெரில் மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாம் சரி. காய் எங்கே?"

லாய்ட் விளக்கம் தர வாயெடுத்தார். அதற்குள் பின்னாலேயே வந்த கிளெனிஸ் அவள் கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து, சாறு வழியக் கடித்தாள்.

"இந்தச் செடி அப்படியே உங்க அண்ணன் ஜாடை, பெரில். வேளாவேளைக்குத் தீனி, மேல ஒரு கீறல் கிடையாது, சுத்தி நாலு கூம்பு. நகராட்சியில இவன் ஆயுசு பூரா என்ன செஞ்சானோ, அதையேதான் இதுவும் இங்க நின்னு செய்யுது. ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டி, கையைத் தட்டி, ஓய்வு குடுத்து அனுப்பிடலாம்."