இரண்டு விரல் தாழ்ந்த நாற்காலி

"நாற்காலி இரண்டு விரல் தாழ்ந்துள்ளது" என்றார் இடவர்.

விருந்தினர் மாளிகை மேலாளர் குனிந்து பார்த்தார். நிமிரும்போது முதுகு மடக்கென்றது. "எது சார்?"

"என்னுடையது. எதிரில் உள்ளது உயர்ந்துள்ளது. இதில் நான் அமர்ந்தால் எம் நாடு அவர்களை அண்ணாந்து பார்ப்பது போல் ஆகும்."

"ஆகட்டும் சார். இப்பவே சரி பண்ணிடறேன்."

இந்த 'ஆகட்டும்'தான் அவருக்குப் பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அது புழக்கத்தில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான். சொன்னதோடு நில்லாமல் செய்தும் விடுவார். செய்கிறவன் தலையில்தானே வேலை வந்து விழும்? விழுந்து விழுந்து, ஓய்வு பெறப்போகும் வயதில் அவர் முகம் பிழிந்து உதறாமல் காயப்போட்ட சட்டை மாதிரி ஆகியிருந்தது.

இந்த முறை வந்து விழுந்தது உலக சமாதானம்.

இரண்டு வல்லரசுகள், ஒரு குறுகலான கடல்வழி யாருக்கு என்று முறைத்துக்கொண்டு நின்றன. இரண்டு பக்கமும் போர்க்கப்பல்கள். பேச்சுவார்த்தை முடியும்வரை யாரும் சுடக் கூடாது என்று ஓர் ஏற்பாடு. சரி, எங்கே பேசுவது? ஒருவருக்குப் பிடித்த நாடு மற்றவருக்குப் பிடிக்கவில்லை. இருவருமே இதுவரை கண்டுகொள்ளாத நாடு ஒன்று வேண்டியிருந்தது. தேடினார்கள், கிடைத்தது. அந்த நாட்டின் விருந்தினர் மாளிகைக்குத்தான் ஆகட்டும் மேலாளர்.

எந்த நாட்டின் பெயரை முதலில் சொன்னாலும் இன்னொரு நாட்டுக்குக் கோபம் வரும். அதனால் இடது பக்க அறைகளில் தங்கிய குழுவின் தலைவரை இடவர் என்றும், வலது பக்கத்தவரை வலவர் என்றும் ஊழியர்கள் சொல்லிக்கொண்டார்கள். (இந்தக் கதையிலும் இடவர்தான் முதலில் வாயைத் திறந்துவிட்டார். வலவர் மன்னிக்க வேண்டும்.) இருவருமே இளவயதில் இதே ஊரில், அவரவர் தூதரகத்தில் கடைக்குட்டி அதிகாரிகளாகக் குப்பை கொட்டியவர்கள். இந்த ஊர்ப் பேச்சு தெரியும். என்ன, பாடப்புத்தகத்தைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டது போலப் பேசுவார்கள்.

ஆகட்டும் தச்சரை வரவழைத்தார். உயரமான நாற்காலியின் கால்களை இரண்டு விரல் அறுத்தார்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். குமிழி நடுவில் நின்றது.

"ஆயிடுச்சு சார்."

இடவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தார். இடவரின் நீண்ட முகம் இன்னும் நீண்டது.

"அதற்குள்ளாகவா?" என்றார்.

அடுத்த காலை வலவர் கூப்பிட்டார். அவர் குட்டையானவர். அறுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு மேலே அவருடைய மீசையிலிருந்துதான் தெரிந்தது.

"எம் நாடு சிறுபிள்ளை போல் தோன்றுகிறது."

"ஆகட்டும் சார்."

மேசைக் கால்களை அறுத்தார்கள். மேசை ஆட ஆரம்பித்தது. இடவர் முழங்கையை ஊன்றினால் வலவர் பக்கம் தூக்கியது. வலவர் ஊன்றினால் இடவர் பக்கம். ஊன்றுகிறவருக்கே மேசை சாய்கிறது, இது பாரபட்சம் என்று இரு தரப்பும் தனித்தனியே புகார் சொன்னார்கள்.

தச்சர் மறுபடியும் அறுத்தார். மறுபடியும் ஆடியது.

"சார், இன்னொரு தடவை அறுத்தா இது மேசை இல்ல, மணைப்பலகை."

"அறுப்பா. பேச்சு இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

"அவங்க சண்டையை அவங்க போட்டுக்கட்டும். மரம் என்ன சார் பாவம் பண்ணிச்சு?"

மரத்தைப் பற்றிக் கவலைப்பட ஆகட்டும் மேலாளருக்கு நேரமில்லை. அவர் கவலை கடலில் இருந்தது. அந்தக் குறுகலான கடல்வழியின் வாயில், இரண்டு பக்கப் பீரங்கிகளுக்கும் நடுவில், ஒரு சரக்குக் கப்பல் போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நங்கூரம் போட்டு நின்றது. அதன் இயந்திர அறையில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தவன் அவருடைய ஒரே மகன்.

மதியம் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, முடிஞ்சுதா?"

"இன்னும் உக்காரவே இல்லடி."

"உக்கார்றதுக்கு இத்தனை நாளா? நம்ம வீட்டுக்கு வர்ற சம்பந்தியே செருப்பைக் கழட்டின உடனே உக்காந்துடறாங்க."

"சம்பந்திகிட்ட போர்க்கப்பல் இல்ல. பய பேசினானா?"

"பேசினான். நல்லாத்தான் இருக்கேன்றான், நம்புற மாதிரியா இருக்கு குரல்? ரெண்டு பக்கமும் பீரங்கி தெரியுதாம். காத்து மாறிட்டா அந்தக் கடல்ல எந்தப் போர்க்கப்பலும் நிக்க முடியாதாம், தானா கலைஞ்சு போயிடுமாம், கவலைப்படாதேம்மான்றான்."

"காத்து மாறும்போது மாறட்டும். அது வரைக்கும் நான் கையைக் கட்டிக்கிட்டு இருப்பேனா? நான் சீக்கிரமா முடிச்சு வைக்கிறேன்."

"ஊர்ல எல்லாருக்கும் ஆகட்டும் ஆகட்டும்னு ஓடினீங்க. நம்ம புள்ளைக்கு ஒரு தடவை ஓடுங்க."

போனை வைத்தபோது வாசலில் மாளிகையைக் கூட்டித் துடைக்கும் அம்மாள் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். கண்கள் கொஞ்சம் கலங்கியிருந்தன. ஒட்டுக் கேட்டிருக்கிறாள். அந்த மாளிகையில் அவள் கேட்காதது எதுவும் இல்லை.

"சார், எனக்கு ரெண்டு பக்கெட் வேணும்."

"பழசு என்னாச்சு?"

"இருக்கு. ஆனா எடுக்க முடியல."

"ஆகட்டும்மா, ஆகட்டும்" என்று சொல்லி ஓடினார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு 'ஆகட்டும்' அவருக்கு மறந்துபோனது.

பிறகு கடிகாரம். அது சுவரில் வலவருக்கு எதிரே இருந்தது. காலம் அவர்கள் பக்கம் மட்டும் இருக்கிறது என்றார் இடவர். ஆகட்டும் எதிர்ச் சுவரில் இன்னொன்றை மாட்டினார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டவில்லை. யாருடைய நேரம் உலகத்தின் நேரம் என்று ஒரு காலைப்பொழுது முழுக்கத் தர்க்கம் நடந்தது. ஆகட்டும் ஏணி போட்டு ஏறி இரண்டையும் கழற்றிவிட்டார்.

"நேரம் தெரியாமல் எப்படிப் பேசுவது?" என்றார் வலவர், நம்பிக்கையோடு.

"என் கைக்கடிகாரம் இருக்கு சார். நான் நடுவுல நின்னு சத்தமா சொல்றேன், ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கேக்கும்."

வலவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"நீர் மிகவும் திறமைசாலி" என்றார். பாராட்டு மாதிரி இல்லை. வைத்தியர் நோயாளியின் வீட்டாரிடம் சொல்வது மாதிரி இருந்தது.

திரைச்சீலை வந்தது. அதன் நீலம் இடவர் நாட்டுக் கொடியின் நீலமாம். கழற்றினார். வெயில் வலவர் கண்ணில் அடித்தது. கண்ணாடிக்குச் சுண்ணாம்பு பூசினார். அறை இருட்டியது. விளக்குப் போட்டார். விளக்கு யார் தலைக்கு மேல்? விளக்கையும் நகர்த்தினார். ஒன்றைச் சரிசெய்தால் அதன் வயிற்றிலிருந்து இரண்டு பிறந்தன. ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. புகார் சொன்னவர் வாயை மூடுவதற்குள் சுத்தியல் சத்தம் கேட்கும். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்திலிருந்து அதே கேள்வி: "அதற்குள்ளாகவா?"

கடைசியில் வந்ததுதான் பெரியது. இரண்டு தலைவர்களும் சேர்ந்தே வந்து நின்றார்கள்.

"அறைக்கு ஒரே வாசல் உள்ளது" என்றார் இடவர்.

"முதலில் நுழைபவர் யார்?" என்றார் வலவர்.

"இருவரும் ஒரே கணத்தில் நுழைதல் வேண்டும்."

"சமமான இரு வாசல்கள் வேண்டும். எதிரெதிரே."

ஆகட்டும் எதிர்ச்சுவரைப் பார்த்தார். கனமான பழைய சுவர். அதற்கு அந்தப் பக்கம் மளிகைச் சாமான் அறை. இந்த மாளிகையில் ஆணி அடிக்கவே மேலிடத்து அனுமதி வேண்டும். சுவரை இடித்தால் ஓய்வூதியம் போகலாம். அவர் கண் முன்னால் எண்ணெய்க் கையோடு ஒரு பையன் வந்து நின்றான்.

"ஆகட்டும் சார்" என்றார்.

"இதற்கு அதிக நாட்கள் ஆகும் அல்லவா?" என்று இடவர் அன்பாகக் கேட்டார். "பரவாயில்லை. நாங்கள் காத்திருப்போம். அவசரம் வேண்டாம்."

"உடலைக் கவனித்துக்கொள்ளும்" என்றார் வலவர்.

அவசரம் வேண்டாமாம்! மகனைப் பெற்றவனிடம் சொல்லும் பேச்சா? ஆகட்டும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே கடப்பாரையைத் தூக்கினார். தச்சரும் கொத்தனாரும் கூட இறங்கினார்கள். மாளிகையெல்லாம் செங்கல் புழுதி. அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள், மளிகை அறையின் வெங்காய மூட்டைகளை ஓரம்கட்டி, எதிரெதிரே, அச்சில் வார்த்தது போல இரண்டு வாசல்கள்.

இரண்டு தலைவர்களையும் கூட்டிவந்து காட்டினார்.

அவர்கள் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இடவர் நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. வலவர் மேசைமேல் தன் எடை முழுவதையும் போட்டுப் படுத்தே பார்த்தார். அசையவில்லை. விளக்கு நடுவில். வாசல் சமம். வெங்காய வாசனைகூட இரண்டு பக்கமும் சமமாகத்தான் வந்தது.



"அப்படியெனில்..." என்றார் இடவர், துக்க வீட்டுக்குள் நுழைகிறவர் குரலில். "நாளை பேச வேண்டியதுதான்."

"வேறு வழியில்லை" என்றார் வலவர்.

ஆகட்டும் தன் சின்ன அலுவலக அறைக்கு வந்து, காப்புக் காய்த்த கையோடு மனைவிக்குப் போன் போட்டார். "நாளைக்கு உக்கார்றாங்கடி! ஒரு குறை விடாம முடிச்சுட்டேன். இனிமே எழுந்து போக ஒரு காரணம் கிடையாது."

மறுமுனையில் அவள் அழுதாள். அவரும் கொஞ்சம் அழுதார். புழுதி என்று சொல்லிக்கொண்டார்.

போனை வைத்துத் திரும்பினால், கூட்டித் துடைக்கும் அம்மாள்.

"ஐயோ, உன் பக்கெட்! மறந்தே போச்சும்மா. நாளைக்கே வாங்கித் தர்றேன், ஆகட்டும்."

"பக்கெட் இருக்கு சார், பின்பக்கப் படிக்கட்டுல. தினம் காலையில ரெண்டு பெரிய ஐயாவும் அதைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கறாங்க. எப்படி எழுப்புறது?"

"எந்த ரெண்டு ஐயா?"

"எந்த ரெண்டு பேருக்காகச் சுவரை இடிச்சீங்களோ அந்த ரெண்டு பேரு. சின்ன வயசுலயே இங்க ஒண்ணா சுத்தினவங்களாம். ஒரே சிகரெட்டை மாத்தி மாத்தி இழுக்கறாங்க."

ஆகட்டும் எட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு பேரு ஊர்லேர்ந்தும் ஒரே உத்தரவாம் சார். கேட்டது கெடைச்சா வாங்கு, இல்லேன்னா எழுந்து வந்துடு. எழுந்த அன்னிக்கே அங்க சுட ஆரம்பிச்சிடுவாங்களாம். காத்து மாறிட்டா கப்பலெல்லாம் தானா கலைஞ்சிடும், அது வரைக்கும் எதையாவது சொல்லி உக்காராம இழுக்கணும்னு பாவம் தினமும் மண்டையை உடைச்சுக்கிறாங்க. நீங்க என்னடான்னா, சொல்லி முடிக்கறதுக்குள்ள சரி பண்ணிடறீங்க."

ஆகட்டும் தடவித் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"அந்த நாற்காலி?"

"இடது ஐயா யோசனை."

"கடிகாரம்?"

"அதுவும் அவரு. திரைச்சீலைதான் வலது ஐயா."

"சுவர்?"

அந்த அம்மாள் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது நான் சொன்னது சார். உங்க புள்ளையும் அந்தக் கடல்லதானே இருக்குன்னு. சுவர்னா காத்து மாறுற வரைக்கும் ஓடும்னு நெனச்சோம். நீங்க ஒரே நாள்ல..."

கரடுமுரடாகிப்போன தன் உள்ளங்கைகளை ஆகட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

"இப்ப எங்க மூணு பேருக்கும் ஒண்ணும் தோணல சார்" என்றாள் அவள். "உங்களுக்கு ஏதாவது குறை தெரியுதான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."