மேல்படியில் இறங்கிய கப்பல்

திருவனந்தபுரத்தில் பிறந்து, ஸ்ரீவராகத்தில் குடியிருந்து, சாலைக் கடைத்தெருவில் வேலை பார்த்தும், ஒரு நாள்கூட இப்பூமியில் வாழாத மனிதர் ஒருவரை நான் அறிவேன். தெருவார் அவருக்கு இட்ட பெயர் 'கப்பல்காரர்'. இயற்பெயரை அவருடைய ரேஷன் அட்டை மட்டுமே அறிந்திருந்தது.

இளமையில் அவர் பழைய ஆங்கிலப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டார். கிரகம் கிரகமாகச் செல்லும் விண்வெளிக் கப்பல் ஒன்றின் கதை. அந்த வரிசையில் வந்த படங்கள் அனைத்தையும், தொண்ணூறுகளில் வீடியோ கேசட் வாடகைக்குக் கிடைத்தபோது, நாடா தேயும்வரை பார்த்தார். கதாநாயகன் இறந்தால் அவருக்குக் கவலையில்லை. கப்பலில் ஒரு கீறல் விழுந்தால் அன்று சோறு இறங்காது.

வேலை எவர்சில்வர் பாத்திரக் கடையில். டிபன் கேரியர் கேட்டு வந்த ஒரு மலையாள அம்மாளிடம் அதைப் படுக்கவைத்து, காற்றில் மிதக்கவிட்டு, வாயால் உறுமல் ஒலியும் கொடுத்துக் காட்டினார்.

"சேட்டா, இது பறக்கண்டா. சோறு கொண்டுபோனா மதி" என்றாள் அந்த அம்மாள். பறக்க வேண்டாமாம், சோறு கொண்டுபோனால் போதுமாம்.

கடையில் நசுங்கிப்போன பாத்திரங்களைக் கொண்டு, மூன்று ஆண்டுகள் உழைத்து, அக்கப்பலின் மாதிரி ஒன்றை அவர் செய்து முடித்தார். உடலுக்கு டிபன் கேரியர், தலைக்கு இட்லித் தட்டு, வாலுக்கு இரண்டு புட்டுக் குழல்கள். பக்கத்துக்குப் பதினெட்டாக ஜன்னல்கள். நவராத்திரியின் முதல் நாளன்று அதை என்னிடம் காட்ட எடுத்து வந்தார். நான் கோயிலுக்குப் போயிருந்தேன். கொலுவுக்கு வந்த அன்பளிப்பென்று எண்ணிய என் மனைவி, அதை மேல்படியில், கலசத்துக்கு அருகிலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் மாலை என் மகளைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வருவதாக இருந்தார்கள். முன்பே இரண்டு வரன்கள் கைநழுவியிருந்தன. இப்பிள்ளையின் தகப்பனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் சிரித்ததற்குச் சாட்சி இல்லை என்று தரகரே எச்சரித்திருந்தார்.

"முதல்ல அதை எடு!" என்றேன்.

"கொலுவில வெச்சதை விஜயதசமிக்கு முன்னால அசைக்கப்படாது. தெரியாதாக்கும் உங்களுக்கு?" என்றாள் மனைவி.

தெரியும். தெருவில் அந்த விதியை உரக்கச் சொல்லி வந்தவன் நானேதான்.

கப்பல்காரரிடம் ஓடினேன். "ஓய், நாளைச் சாயங்காலம் மட்டும் எங்காத்துப் பக்கம் வராதேயும்."

"என்ன மாமா இது! கப்பல் அங்கே நிக்கறச்சே நான் வேறெங்கே இருப்பேன்?"

பெண் பார்க்க வந்தவர்களுக்கும் முன்னதாக வந்து, கூடத்தின் நடுவில் சுண்டலோடு அமர்ந்துவிட்டார். தலைமையாசிரியர் படிப்படியாகக் கொலுவைப் பார்த்துக்கொண்டே வந்து, மேல்படியில் பார்வையை நிறுத்தினார்.

"அது என்னவாக்கும்?"

செயலகத்தில் முப்பது ஆண்டுகள் பொய்யுரையாது பணியாற்றிய என் நாக்கு, "புஷ்பக விமானம்" என்றது.

சுண்டல் கிண்ணம் தரையில் இறங்கிற்று. "மாமா! படிச்ச மனுஷா இப்படிச் சொல்லலாமா? புஷ்பக விமானத்துக்குப் புட்டுக் குழல் உண்டா? இது கப்பலாக்கும்! கிரகம் விட்டுக் கிரகம் போற கப்பல்!"

காப்பியடித்து அகப்பட்ட மாணவனைப் பார்ப்பதுபோல் தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். மூன்றாவது வரனும் போயிற்று என்று நான் தலைகுனிந்தேன். தகப்பனார் அருகில் அமர்ந்திருந்த பிள்ளை எழுந்து கொலுவருகே சென்றான்.

"இடது பக்கம் ஒரு ஜன்னல் குறையறதே. பத்தொன்பதுன்னா இருக்கணும்?"

கப்பல்காரரின் முகம் வெளுத்தது. கண்களை மூடி விரல்விட்டு எண்ணினார். "ஐயோ... ரெண்டாவது படத்துல, கப்பல் திரும்பறச்சே..."

"ஆமாம். அப்போ மட்டும்தான் தெரியும்."

கப்பல்காரர் என் பக்கம் திரும்பினார். "மாமா, கண்ணை மூடிண்டு பொண்ணைக் குடுங்கோ. இந்தப் பையன் பார்வைக்கு ஒண்ணும் தப்பாது!"

உள்ளறையிலிருந்து என் மகளின் சிரிப்பு கேட்டது. தலைமையாசிரியரின் தொண்டையிலும் ஏதோ அசைந்தது. "உமக்குப் பொய் சரியா வரல்லை, ஓய். பரவாயில்லை, பக்கத்துல உண்மை பேச ஒரு ஆள் வெச்சிருக்கீர்" என்று சொல்லி வாய்விட்டே சிரித்தார். சாட்சிகளாக நாங்கள் எண்மர் இருந்தோம். தை மாதம் திருமணம் நடந்தது.

விஜயதசமி கழிந்ததும் கப்பல்காரர் அதை எடுத்துச் சென்று, பத்தொன்பதாம் ஜன்னலைச் சற்றுக் கோணலாக வெட்டி, எங்களிடமே திருப்பித் தந்துவிட்டார். "மேல்படியில நின்னப்பதான் மாமா, அது பறக்கற மாதிரி இருந்தது" என்றார்.

இன்று அவர் இல்லை. ஆண்டுதோறும் கொலுவில் கப்பலை வைப்பது என் பொறுப்பு. எவர் கேட்டாலும் கப்பல் என்றே சொல்கிறேன். ஆனால் கூடத்தில் ஒருவரும் இல்லையென்று உறுதி செய்துகொண்ட பின்னரே அதைக் கையில் எடுப்பேன். வாயால் சிறிது உறுமல் ஒலி கொடுக்காமல் அதை மேல்படியில் இறக்க எனக்கு மனம் வருவதில்லை.