ஒன்பது வாளி வெந்நீர்

சோலார் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஐஸாகக் கொட்டியது. ஐந்து நாளாகக் கொடைக்கானலில் வெயில் தலைகாட்டவில்லை. நாயுடுபுரத்து லாட்ஜ் மேனேஜர் வேல்ராஜ் விரலை உதறிக்கொண்டு நின்றார். மணி ஐந்தரை. மாடியில் பெரிய அறையில் ஒன்பது பேர். நேற்றிரவு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வந்து இறங்கியவர்கள்.

போன மாதம்தான் ஜன்னலில்லாத பாத்ரூமில், கேஸ் கீசர் விட்ட நச்சுக்காற்றில், கூட்டிப் பெருக்கும் கலைமணி மயங்கி விழுந்தாள். தூக்கி வந்து வாசலில் கிடத்தியவர் வேல்ராஜ். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. சண்டை போட்டுத்தான் கேஸைக் கழற்றிவிட்டு சோலார் வைக்கச் செய்தார்.

முதலாளி ஞானவேல் அப்போதே சொல்லிவிட்டார். "வேலு, கெஸ்ட் ஒருத்தர் கொறை சொன்னாலும் மறுநாளே கேஸ் வந்துரும்."

ஏழு மணிக்கு அவர் வருகிறார்.

"கலைமணி, வெரசா வாளியெல்லாம் கொண்டா!"

கைவசம் மூன்று ஹீட்டர் கம்பிகள் இருந்தன. மூன்றாவதைச் செருகியதும் பட்டென்று ஒரு சத்தம். லாட்ஜ் முழுக்க இருட்டு.

"பீஸ் போச்சுண்ணே."

"வெறகு இருக்கா?"

"இருக்கு. நனைஞ்சு கெடக்கு."

"பரவால்ல, பத்த வை."

பின்கட்டில் அடுப்பு மூட்டினார்கள். விறகு எரிவதற்குப் பதில் புகைந்தது. ஊத ஊத வேல்ராஜுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அண்டாவில் தண்ணீர் சூடாகவில்லை. புகை நிதானமாக மாடியேறிப் போனது.

"எதுக்குண்ணே இந்தப் பாடு? குளிக்கிறாகளான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரவா?"

"நீ கேட்டா, சுடுதண்ணி இல்லேங்கிறது தெரிஞ்சுபோகும். பேசாம ஊது தாயி."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. புகையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஆறே முக்காலுக்கு வெந்நீர் ஒருவழியாகத் தயாரானது. வாளிக்கு ஒரு நடையாக ஒன்பது நடை, அறைக்கு வெளியே வரிசையாக வைத்தார். கடைசி நடையில் பின்னாலேயே ஞானவேல் படியேறி வந்தார்.

கதவு திறந்தது. உள்ளே ஒன்பது பேரும் பச்சை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் மாலையுமாகப் பழனிக்கு நடக்கத் தயாராக நின்றார்கள்.

"தண்ணி வசதியெல்லாம் எப்படிங்க சாமி?" என்றார் ஞானவேல்.

கூட்டத்தை நடத்திவந்த குருசாமி வாளியையும் வேல்ராஜையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாலை போட்டவங்களுக்கு எதுக்கு சாமி சுடுதண்ணி, நாலு மணிக்கே பச்சத்தண்ணியில குளிச்சாச்சு, கொறைன்னா அஞ்சரையிலருந்து எவனோ பொகை போட்டு மூச்சு முட்ட வைக்கிறான் பாருங்க, அது ஒண்ணுதான்."