வெள்ளைச் சுவரில் காணாமல் போன கொக்கு

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு கொக்கு கௌரவமாகக் குடித்தனம் நடத்தி வந்தார். ஏரி நடுவே இருந்த கருவேல மரத்தில் அவர் மனைவி தனக்கொடி மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா காட்டு அலுவலகம் சட்டம் போட வேண்டும்? குடும்பத் தலைவர் படம் ஒட்டிய அட்டை இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு கூடு நீர்க்காகத்துக்குப் போய்விடுமாம். அட்டையைக் காட்டாமல் ஏரி வாசலில் உள்ளே விடவும் மாட்டார்களாம். வாசல் வழியாக எதற்கு, பறந்து போய் உட்கார்ந்துகொள்ளலாமே என்று கேட்காதீர்கள். அவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட கொக்கு.

படத்தின் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்தது. மாசிலாமணி இரண்டு தடவை குளித்துவிட்டு, கரடி தணிகாசலத்தின் ஸ்டூடியோவில் வெள்ளைச் சுவர் முன்னால் விறைப்பாக நின்றார். குளித்ததுதான் தப்பு. படத்தில் ஒரு மூக்கும் இரண்டு கண்ணும் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அலுவலகத்தில் ஆமை குமாஸ்தா படத்தை வெகுநேரம் பார்த்தார். சுவருக்கெல்லாம் அட்டை தருவதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பின்னணியில் கை வைத்தால்தானே குற்றம், பறவையில் வைக்கலாம் என்றார் தணிகாசலம். கணினியில் பென்சில் ஓவியமாக்கிப் பார்த்தார். கொக்குக்குத் தாடி முளைத்தது. எண்ணெய் ஓவியமாக்கினார், கழுத்து ஊதா, இறக்கை ஆரஞ்சு, நெஞ்சு பச்சை என்று ஆளே பளபளத்தார். மாசிலாமணிக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாமியார் வீட்டுக்கு ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போதுதான் ஆள் தெரிகிறது என்று ஆமை மகிழ்ந்து, முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஏரி வாசலில் முதலைக் காவலர் அட்டையைப் பார்த்தார், இவரையும் பார்த்தார். அட்டைக்கு உரியவரையே வரச் சொல்லித் துரத்திவிட்டார். அன்று வியாழக்கிழமை. மாசிலாமணி மறுபடி ஆமையிடம் ஓடினார்.

"படம் கோப்புல ஏறிடுச்சு, இனி இறங்காது. நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்," என்றார் ஆமை.

அனுசரித்தார். தணிகாசலம் நாவல்பழச் சாற்றைக் கழுத்திலும், செங்காவியும் மஞ்சளும் குழைத்து இறக்கையிலும், பச்சிலையை நெஞ்சிலும் அப்பிவிட்டார். முதலை சலாம் வைத்து உள்ளே விட்டார்.

கூட்டில் தனக்கொடி மூக்கை நீட்டிக்கொண்டு எழுந்தாள். "யாருங்க நீங்க? வீட்டுக்காரர் அட்டை வாங்கப் போயிருக்காரு. அப்புறமா வாங்க."

நான்தான் என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். கல்யாணத்தன்று நடந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தார். பன்னிரண்டு மழைக்காலம் கூட வாழ்ந்தவள் அசையவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அட்டையை நீட்டினார்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு," என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நீதி: படமும் முகமும் ஒத்துப்போகாவிட்டால் முகத்தைத் திருத்து. அதில்தான் இன்னும் யாரும் முத்திரை குத்தவில்லை.