ரெக்கார்டு ரூம் சார்

மனித உடம்பில் முடிவெடுப்பதற்கென்றே ஒரு சுரப்பி இருக்கிறது என்றும், அது ஆண்களுக்கு மட்டுமே சுரக்கும் என்றும் அந்தக் காப்பீட்டு அலுவலகத்தின் மேனேஜர் கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடிப்பைத் திங்கட்கிழமைதோறும் கூட்டத்தில் வெளியிடுவார்.

"பொம்பளைங்க உழைப்பாங்க, நான் இல்லைங்கலை. ஆனா சின்ன விஷயம்னாலும் உள்ள போய் யாரையாவது கேட்டுட்டுத்தான் வருவாங்க. நம்ம தொழிலுக்கு அது ஆகாது."

கூட்டத்தில் இருந்த ஒரே பெண், நஷ்டஈட்டை முடிவு செய்யும் கிளைம் அதிகாரி. பதினோரு வருட அனுபவம். மண்டலத் தலைமைக் கிளைம் அதிகாரி பதவிக்கு விண்ணப்பித்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கை நழுவிப் போனது. இது மூன்றாவது முறை. நான்காவதற்கு விதியில் இடமில்லை.

கூட்டம் முடிந்து இருக்கைக்கு வந்தால், எதிரே நசுங்கிய பம்பரின் புகைப்படத்தோடு ஒரு கார்க்காரர்.

"பழைய கீறலுக்கெல்லாம் பணம் வராதுங்க."

"சார் இல்லையாம்மா?"

"நான்தாங்க அதிகாரி."

"சந்தோஷம்மா. சார் எப்ப வருவார்?"

அன்று காலையில் மட்டும் இது ஏழாவது 'சார்'. அவளுக்குப் பொறுமை போய்ப் புத்தி வந்தது.

"இருங்க, உள்ள சாரைக் கேட்டுட்டு வரேன்."

உள்ளே இருந்தது ரெக்கார்டு ரூம். இரும்பு அலமாரிகள், தூசி, ஒரு பல்லி. தண்ணீர் குடித்தாள். நூறு வரை எண்ணினாள். வெளியே வந்தாள்.

"பழைய கீறலுக்குத் தர முடியாதுன்னுட்டார்."

"அவரே சொல்லிட்டாரா? அப்ப எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"

அந்த மாதம் அலுவலகத்தில் ஒரு சண்டைகூட இல்லை. புகார்ப் பெட்டியில் பாராட்டு விழுந்தது. 'உள்ளே இருக்கும் சார் தங்கமானவர். வெளியே இருக்கும் அம்மாதான் கொஞ்சம் கறார்.'

அவளுக்கு வயிறு எரிந்தது. தான் பெற்றதைத் தானே தீர்த்துக்கட்ட முடிவு செய்து, "சார் லீவு" என்றாள்.

"ஐயையோ, உடம்புக்கு என்னம்மா?"

மறுநாள் மேசையில் நான்கு பை ஆப்பிள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. "சார் குணமாகி வரட்டும், எங்களுக்கு என்ன அவசரம்?" மூன்றே நாளில் நாற்பது ஃபைல் தேங்கியது. நான்காம் நாள் வேறு வழியில்லாமல் அவரைக் குணப்படுத்தினாள். எழுந்து வந்தவரின் செல்வாக்கு இரட்டிப்பாகியிருந்தது.

அதோடு விடவில்லை. வாடிக்கையாளர்கள் ஒன்றுகூடித் தலைமை அலுவலகத்துக்கே எழுதிவிட்டார்கள். 'இப்பேர்ப்பட்டவரை மண்டலத் தலைமைக் கிளைம் அதிகாரி ஆக்காமல் ரெக்கார்டு ரூமில் அடைத்து வைத்திருப்பது அநியாயம்.'

அவள் கேட்ட அதே பதவி. பெற்ற பிள்ளையே போட்டிக்கு வந்துவிட்டது.

தலைமை அலுவலக அதிகாரி நேரில் வரும் நாளில், உண்மையைச் சொல்லிவிடுவது என்று மேனேஜரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த லெட்டர்ல இருக்கிற சார் வந்து..."

"ஏம்மா, பெரிய மனுஷன் வர்ற நேரத்துல குறுக்கே நிக்கிறியே! உள்ள போய் ஃபைலை அடுக்கு, போ."

அப்படியாக ரெக்கார்டு ரூமில் முதன்முறையாக ஆள் இருந்தது.

அதிகாரி வந்தார். கடிதத்தைப் பிரித்தார். "யாருங்க அந்த சார்?"

மேனேஜருக்குச் சுரப்பி சுரந்தது.

"நான்தாங்க. கூட்டத்துல உட்கார்ந்தா யோசனை ஓடாது. அதான் அங்க."

"அருமை. அப்ப இவர் விஷயத்தை இப்பவே முடிச்சிடுங்க."

அதிகாரி காட்டிய பெஞ்சில் பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்தார். கடையில் நெருப்புப் பிடித்தது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. அடுப்புக்குப் பணம் வந்துவிட்டது. மாவு மூட்டைகள்தான் சிக்கல். அவை எரியவில்லை, நனைந்திருந்தன.

மேனேஜர் ஃபைலைப் புரட்டினார். பாலிசி நெருப்புக்கு. நஷ்டம் தண்ணீரால். ஃபைலைக் கையில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டே நிமிஷம். உள்ள போய் யோசிச்சுட்டு வந்துடறேன்."

போனார். கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். ஆனால் இருபது வருடமாகக் கூட்டங்களில் முழங்கிய தொண்டை. அவருடைய கிசுகிசுப்பு வாசல்வரை கேட்டது.

"ஏம்மா... மாவு நனைஞ்சிருக்கே, குடுக்கலாமா? சீக்கிரம் சொல்லும்மா, வெளிய மானம் போகுது."

ஃபைல் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது.

"நெருப்பை அணைக்க ஊத்தின தண்ணிதானே சார்? அப்ப அதுவும் நெருப்போட நஷ்டம்தான். குடுக்கணும். ஆனா மாடியில நனையாம இருந்த பன்னிரண்டு மூட்டையையும் சேர்த்து எழுதியிருக்கார். அதை அடிச்சிடுங்க."

பெஞ்சில் பேக்கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் கம்பீரமாக வெளியே வந்தார். "நல்லா யோசிச்சுப் பார்த்தேன்..."

அதிகாரி அவரைத் தாண்டி நடந்துபோய் ரெக்கார்டு ரூம் கதவைத் திறந்தார். கையில் ஃபைலோடு, தலைமுடியில் தூசியோடு நின்றவள் நடந்ததைச் சொன்னாள். அவர் நியமன உத்தரவை எடுத்தார். அவள் பேரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதினார்.

பிறகு பேக்கரிக்காரரிடம் திரும்பினார். "உள்ள சார் இருக்கார்னு இவங்க இத்தனை நாள் உங்களை எல்லாம் ஏமாத்தியிருக்காங்களே, கோபம் இல்லையா?"

பேக்கரிக்காரர் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள யாரும் இல்லைன்னு எங்களுக்கு முதல் நாளே தெரியுங்க. பொம்பளை சொன்னதைக் கேட்டு நடந்தேன்னு வெளிய தெரிஞ்சா, அப்புறம் வீட்டுலயும் கேட்கணுமே!"