பெண்கள் மலசலகூடத்துக்கு வர்ணம் தெரிவு செய்த வரலாறு

கல்முனைப் பிரதான வீதியோரமாக இருக்கும் கரையோரக் கிணறுகள் மேற்பார்வைக் கந்தோரில், பெண்களுக்கென்று புதிதாக ஒரு மலசலகூடம் கட்டினார்கள். சுவர் எழும்பியது, தரைக்கு மாபிள் பதித்தார்கள், குழாயில் தண்ணீர் வந்தது, கதவு பூட்டப்பட்டது. வர்ணம் பூசாத கட்டடத்தைப் பாவனைக்கு விட முடியாது என்று பணிப்பாளர் அபுல் ஹஸன் அறிவித்துவிட்டார். வர்ணம் பூசுவதில் யாருக்கும் ஆட்சேபனை இல்லை. எந்த வர்ணம் என்பதுதான் கேள்வி. அரசாங்கத்தில் ஒரு கேள்வி எழுந்தால் பதில் தேடக்கூடாது, குழு அமைக்க வேண்டும். அமைத்தார்கள்.

இதில் ஆகக் கூடுதலாக அல்லல்பட்டவள் முகாமைத்துவ உதவியாளர் பஸ்லியா. சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, நாள் முழுக்கத் தண்ணி குடிக்க வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குடிப்பது அவள் கையில் இருந்தது. மற்றது குழுவின் கையில் இருந்தது. பழைய மலசலகூடத்தையும் புதியதற்கு இடம் வேண்டுமென்று இடித்துவிட்டார்கள். ஆகவே அவசரம் வந்தால், அக்கரைப்பற்று பஸ்ஸுக்கும் சந்தைக்கு ஓடும் ஓட்டோக்களுக்கும் நடுவே வீதியைக் கடந்து, எதிர்வீட்டு றஹீமாவிடம்தான் ஓட வேண்டும்.

றஹீமா தங்கமான மனுசி. வீட்டுக்கு வந்தவரை வாய் நனைக்காமல் அனுப்பும் பழக்கம் அவருடைய பரம்பரையிலேயே இல்லை.

"இரிங்ககா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"இப்பதானே ராத்தா குடிச்சிட்டுப் போன."

"அது அப்ப. இது இப்ப."

குடிக்காமல் போனால் மரியாதையில்லை. குடித்துவிட்டுப் போனாலோ கொஞ்ச நேரத்தில் திரும்பி வர வேண்டும். வந்தால் மறுபடி தேத்தண்ணி. பாவம், பஸ்லியாவின் அரச சேவை பெரும்பாலும் வீதியைக் கடப்பதிலேயே கழிந்தது.

குழுவின் கூட்டக் குறிப்பை எழுதும் பொறுப்பும் அவளுக்குத்தான். பணிப்பாளர் தலைமையில் கூட்டம் தொடங்கியதும் பொறியியலாளர் காலிதீன் சொன்னார்:

"பச்சை அடிப்பம் சேர். கண்ணுக்குக் குளிர்ச்சி."

கணக்காளர் தங்கராசா பாண்டிருப்புக்காரர், சட்டதிட்டங்களில் ஊறியவர். "கட்சி நிறம் சேர். தேர்தல் காலத்தில அரசாங்கக் கட்டடத்தில அது இருக்கக் கூடாது."

"தேர்தல் எப்ப?"

"இன்னும் அறிவிக்கல்ல. அறிவிக்காத தேர்தல்தான் சேர் ஆகப் பெரிய ஆபத்து. எந்த நேரத்திலயும் வரும்."

பணிப்பாளருக்கு வியர்த்துவிட்டது. பச்சை நீக்கப்பட்டது. அதே காரணத்துக்காக நீலமும் சிவப்பும் நீக்கப்பட்டன. களஞ்சியப் பொறுப்பாளர் ஜவுபர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"இளநீலமும் வெள்ளையும் பட்டை பட்டையா அடிச்சா வடிவா இரிக்கும்."

தங்கராசா மேசையில் அடித்தார். "ஆர்ஜன்டீனாக் கொடியக் கந்தோருக்குள்ள கொண்டு வரப் பாக்கிறீங்களா?"

"அப்ப நீங்க மஞ்சள் அடிங்க, பிரேசில்காரனுக்குச் சந்தோசமா இரிக்கும்!"

உதைபந்தாட்டத்தில் காலிதீனும் பிரேசில் பக்கம் என்பது அப்போதுதான் தெரியவந்தது. அரை மணித்தியாலத்துக்குள் பியோன் வரைக்கும் கந்தோர் இரண்டாகப் பிளந்தது. சாதி, சமயம், ஊர், பதவி எதையுமே பார்க்காமல் ஆட்கள் பிரிந்து நின்றார்கள். இப்படியொரு சமத்துவத்தைத் தன் சேவைக் காலத்தில் கண்டதில்லை என்று பணிப்பாளர் மனம் நெகிழ்ந்தார்.

"வெறும் வெள்ளை அடிச்சா என்ன?" என்று சமாதானம் பேசினார்.

"ஊத்தை தெரியும் சேர்," என்றார் காலிதீன்.

"கழுவலாமே?"

"கழுவுறதுக்கு வேற குழு போடணும்."

இவ்வளவையும் எழுதிக்கொண்டிருந்த பஸ்லியாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பேனையை வைத்துவிட்டு எழும்பினாள்.

"சேர், ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதீங்க. அது பொம்புளயள்ற கக்கூஸ். இஞ்ச இரிக்கிற நாலு பேர்ல ஒருத்தராவது அதுக்குள்ள போவாரா? எங்களுக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நியாயமான கேள்விதான். நியாயமான கேள்வி எழும்பும்போது செய்ய வேண்டியதைப் பணிப்பாளர் உடனே செய்தார். பஸ்லியாவைப் 'பாவனையாளர் பிரதிநிதி'யாகக் குழுவில் சேர்த்தார். இனி அவளுடைய சம்மதம் இல்லாமல் எந்த வர்ணமும் சுவரில் ஏறாது. செய்தி கேட்டுக் கந்தோர்ப் பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். பஸ்லியாவுக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த கூட்டத்தோடு கதவு திறந்துவிடும் என்று அவள் மனதார நம்பினாள்.

அடுத்த கூட்டத்துக்கு ஓர் உள்ளலங்கார ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். பெயர் அஸ்கி. கொழும்பில் ஒரு குறுகிய காலப் பயிற்சியும், அதைவிடக் குறுகிய காற்சட்டையும் பெற்று வந்தவர்.

"சேர், இப்ப கலர் கலர் மாதிரி இரிக்கக் கூடா," என்றார் அஸ்கி. "அதான் பெஷன். பாத்தா, பெயின்ட் அடிச்சதா அடிக்கல்லயா எண்டு சந்தேகம் வரணும்."

"சந்தேகமே வாறதெண்டா எதுக்கு அடிக்கணும்?" என்றார் தங்கராசா.

"அடிச்சாத்தான் சேர் அந்தச் சந்தேகம் வரும்."

அஸ்கி தன் டெப் கணினியைத் திறந்து ஒரு நிறத்தைக் காட்டினார். பெயர் 'சைலண்ட் மஷ்ரூம்'. பால் கூடிப்போய் ஆறிக்கிடக்கும் தேத்தண்ணியின் நிறம். உறுப்பினர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆராய்ந்தார்கள். இது எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. எந்த நாட்டுக் கொடியிலும் இல்லை. ஊத்தை பட்டாலும் தெரியாது, ஏற்கெனவே பட்டமாதிரித்தான் இருக்கிறது. அங்கிருந்த ஒருவருக்கும் அது பிடிக்கவுமில்லை. ஆகவே ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பணிப்பாளர். "பஸ்லியா மிஸ், நீங்க ஒரு ஓம் சொல்லுங்க. நாளைக்கே ஆள் வந்து அடிப்பான்."

பஸ்லியா எட்டிப் பார்த்தாள்.

இது அவளுடைய கணவனின் கூடப்பிறந்த ராத்தா, சாய்ந்தமருது சுபைறா மதினியின் புது வீட்டு ஹோல் கலர்! ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரவேற்பறைச் சுவரில் அடித்து, ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டிய அதே நிறம். இதைப் போய்க் கக்கூசுக்கு அடித்தால்? ஒரு கணம் பஸ்லியாவுக்கு இனித்தது, பொய் சொல்லக் கூடாது. மறுகணம், மதினி போனில் போடப்போகும் சத்தம் காதில் கேட்டது. 'என்ட ஹோல் கலரத் தேடிப் புடிச்சிக் கக்கூசுக்கு அடிச்சிரிக்காள்! அவதானே குழுவில இரிந்த!' கணவனின் முகம் தெரிந்தது. மாமியின் முகம் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"ஏலா சேர்," என்றாள்.

"ஏன் மிஸ்?"

உண்மையைச் சொல்ல முடியாது. பஸ்லியா நிமிர்ந்து நின்றாள். இத்தனை கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதிய கை சும்மா போகுமா?

"பிரதேசத்தின் சமூக நல்லிணக்கத்துக்கு இந்நிறம் குந்தகம் விளைவிக்கக்கூடும் சேர். மேலதிக ஆய்வு தேவை."

பணிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாஷா அல்லாஹ்! மகள், நீங்க ஒரு நாளைக்கி இந்தக் கதிரையில இரிப்பீங்க."

வெளியே மற்றப் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைக் கேட்டதும் பாண்டிருப்பு நிலாந்தினிக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னக்கா நீங்க! ஒரு கலரச் சொல்லித் துலைச்சா என்ன? ரோசா அடிக்கச் சொல்லுங்க."

"ரோசாவா?" பஸ்லியா கொதித்துப் போனாள். "அது என்ட வீட்டு ஹோல் கலர்!"

"சரி, அப்ப ஊதா?"

"ஊதா எங்கட வீடு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இளம்பச்சை?"

"ஏனக்கா, எங்கட வீடு உங்களுக்குக் கக்கூஸா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள் இன்னொருத்தி.

கடைசியில் பெண்கள் பக்கமும் நிறம் ஏதும் மிஞ்சவில்லை. ஆண்களின் தலையீடே இல்லாத மகளிர் உபகுழு ஒன்று பஸ்லியாவின் தலைமையில் உருவாகி, இன்றுவரை தவறாமல் கூடி வருகிறது. கூட்டத்தின் நடுவில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழும்பி வீதியைக் கடந்து றஹீமா வீட்டுக்குப் போய் வருவார்கள். தலைவி மட்டும் கூட்டம் முடியும்வரை அசையமாட்டாள். தான் எழும்பிப் போகும் இடைவெளியில் இவர்கள் ரோசாவை நிறைவேற்றிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.